இடுப்பில் ஒரு நாடாத் தடம்

முதலில் வெறும் அரிப்புதான். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பின் பின்பக்கம், ஒரு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. எங்கள் ஊர் எருத்தேன்பதியில் தக்காளிக் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவளுக்கு வியர்வையில் அரிக்காமல் என்ன செய்யும்? தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மூன்று வருடம் போனது.

மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனி போன இடத்தில் அது புண்ணாகி நீர் வடிந்தது. மகளுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. என் பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டு, படுத்த இடத்திலிருந்தே மிரட்டினாள். மாப்பிள்ளை நாலு இடத்துக்கு போன் செய்து ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினார்.

மாப்பிள்ளை பொள்ளாச்சிக்காரர், தங்கமானவர். அதற்காக இடுப்புப் புண்ணை அவர் முன்னால் காட்ட முடியுமா? "நீங்க வெளியவே இருங்க மாப்பிள்ள, நான் பாத்துக்கறனுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

போதாக்குறைக்கு, வெளிநாட்டு டாக்டராச்சே, நாகரிகமாகப் போவோம் என்று சேலையைக் களைந்து, மகளின் தொளதொளத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். நோயைக் கூட்டிக்கொண்டு, நோய்க்குக் காரணமானதை வீட்டுக் கொடியில் விட்டுவந்தது அப்போது தெரியாது.

எங்கள் ஊர் கேரளத்தில் இருந்தாலும் பேச்சு தமிழ்தான். சித்தூர் ஆஸ்பத்திரியில் அரைகுறை மலையாளத்தில் சமாளித்துவிடுவேன். ஜெர்மனில் எனக்குத் தெரிந்தது ஆமாம் என்கிற 'யா' ஒன்றுதான். நரைத்த தலையும் சிரித்த முகமுமாக இருந்த அந்த டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் 'யா' என்றேன். வலிக்கிறதா என்றதற்கும் யா, வலியே இல்லையா என்றதற்கும் யா சொல்லியிருப்பேன்.

இடுப்பைச் சுற்றி ஓடிய கருங்கோட்டைத் தொட்டுப் பார்க்கப் பார்க்க அவர் சிரிப்பு அடங்கியது. பிறகு பயாப்சி (சிறு துணுக்குத் தோலை வெட்டியெடுத்துச் சோதிப்பது) என்ற சொல் காதில் விழுந்தது. அதற்கு அடுத்து என்ன வரும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பயந்துவிட்டேன். வெட்கமெல்லாம் பறந்தது. "மாப்பிள்ள!" என்று கூப்பிட்டேன்.

உள்ளே வந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"ஏனுங்க அத்தை, அந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியலீங்களாம். பெல்ட் ஏதாச்சும் போடுவீங்களா?"

"பெல்ட்டா? பாவாடை நாடாங்க."

"எவ்வளவு இறுக்கமாங்க?"

"காட்டுல குனிஞ்சா அவுந்துறக் கூடாதல்லங்க, அவ்வளவு."

அவர் சுவரிடம் ஜெர்மனில் சொன்னார். டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. மேசையில் இருந்த கட்டுத்துணியை எடுத்துக் கால்சட்டைக்கு மேலேயே சுற்றி, மூச்சை உள்ளிழுத்து, முடிச்சுப் போட்டுக் காட்டினேன். டாக்டரம்மா தன் விரலை அதனுள் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். "வயசுக்கு வந்ததுலிருந்துங்க" என்றேன். மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் சொன்னார். பெற்ற பிள்ளைகூட அப்படி நின்றிருக்காது.

ஆறாத புண் என்பதால் பயாப்சியை விட முடியாது என்றார்கள். முடிவு வரப் பத்து நாள். "ரெண்டு பேரும் தையலப் போட்டுட்டுக் கெடந்தா கொழந்தைய யாருங்மா தூக்கறது?" என்று மகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இந்தக் குழந்தை நடப்பதைப் பார்ப்பேனா என்று மட்டும் அவளிடம் கேட்கவில்லை.

புற்று இல்லை. நாள்பட்ட உராய்வால் வந்த தோல் அழற்சி (இறுக்கமும் வியர்வையும் உரசி உரசித் தோல் தடித்துப் புண்ணாவது). சேலை கட்டும் பெண்களே, உங்கள் நாடாவுக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். ஆறாத புண்ணை ஒளித்து வைக்காதீர்கள்.

இப்போது ஊர் திரும்பி, பாவாடையில் அகலப் பட்டை வைத்துத் தளர்த்திக் கட்டுகிறேன். மூச்சு அடிவயிறுவரை இறங்குவது எனக்குப் புதிது. முன்பு நடவு, களை, பறிப்பு என்று நகர்ந்த நாள் இப்போது காலைக் களிம்பு, மாலைக் களிம்பு என்று நகர்கிறது. பின்பக்கம் கை எட்டாததால் வீட்டுக்காரர் தடவிவிடுகிறார். முதல் நாள் என்னை ஜன்னலோரம் நிற்க வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத்தன நாளா இதோடயா காட்டுல நின்ன?"

முப்பத்தாறு வருடக் குடும்பத்தில் என் இடுப்பைப் பகல் வெளிச்சத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது. சேலையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.