ஜோடி இல்லாத சுவர்

நெடுங்கோணம் பேரூராட்சியின் மாதக் கூட்டம் மன்ற அறையில் நடக்கிறது என்றுதான் அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அது முந்தின வாரமே தலைவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டன்சாயாவும் பழம்பொரியும் வைத்து நடந்து முடிந்துவிடும். எந்த வேலை இந்த மாதம், எது அடுத்த மாதம், எதை யார் கண்ணிலும் படாமல் தள்ளிப்போடுவது எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். மன்ற அறையில் மிச்சமிருப்பது மேஜை தட்டும் வேலை மட்டும். உறுப்பினர்கள் அதை நன்றாகவே தட்டுவார்கள்.

அந்த அறையில் தலைவர் நாற்காலியில் இருந்தவள் நேசபாய். கருங்கல் ஊரிலிருந்து கடலுக்கு இறங்கும் ரோட்டில், வயலுக்குத் தண்ணீர் போகும் சானலின் கரைக்குப் பக்கத்தில் வீடு. வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். சர்ச் சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். வார்டும் தலைவர் பதவியும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது ஊரில் எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான் வந்தது. காரணம் பெரிய சேவை எதுவும் இல்லை. நேசபாய் யாரோடும் முகம் கறுத்துப் பேசியதில்லை, அவ்வளவுதான். ஐம்பது வயதுவரை ஒரு மனுஷி அப்படி இருந்துவிட்டால் நம் ஊரில் அவளைப் பிடித்துத் தலைவராக்கிவிடுவார்கள். அந்த நல்ல பெயரை அவளும் பட்டுச்சேலையைப் போல மடக்கி, கசங்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறைக்கு என்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் தேடிக் கிடைக்காது. ரோட்டுக்கு மேற்கே சர்ச்சைச் சுற்றி உள்ள வீடுகள் 'சபைப் பக்கம்'. கிழக்கே அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலைச் சுற்றி உள்ளவை 'தாங்கல் பக்கம்'. சபைப் பக்கத்துக்கு ஒரு விளக்கு போட்டால் தாங்கல் பக்கத்துக்கும் ஒரு விளக்கு. அங்கே ஓடை கட்டினால் இங்கேயும் ஓடை. இரண்டு பக்கமும் மோதிக்கொண்ட பழைய கலவரத்தில் பட்ட சூட்டுக்குப் பிறகு பெரியவர்கள் கூடி ஏற்படுத்திய வழக்கம் அது. நல்ல எண்ணத்தில் ஏற்படுத்தியதுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நாளாக ஆக, எந்த வேலையும் ஒற்றையாகக் கூட்டத்துக்கு வராது, ஜோடியாகத்தான் வரும் என்று ஆகிவிட்டது. சபைப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை கட்டினார்கள் என்பதற்காக, கேட்காத தாங்கல் பக்கத்திலும் ஒன்று கட்டினார்கள். அதில் இப்போது ஒரு ஆடும் இரண்டு குட்டிகளும் சௌகரியமாகக் குடியிருக்கின்றன.

செயல் அலுவலர் திண்டுக்கல்காரர். வந்த புதிதில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்களே அம்மா என்று தலையைச் சொறிந்தார். இரண்டு கூட்டம் கழிந்ததும் அவரும் பழகிவிட்டார். எந்த மனு வந்தாலும், "இதுக்கு எதிர்ப்பக்கம் என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்கினார்.

துணைத் தலைவர் சுடலையாண்டி தாங்கல் பக்கத்துக்காரர். சந்திப்பில் பலசரக்குக் கடை. பேச்சு குறைவு, மூக்குப்பொடி அதிகம். அவருக்கும் நேசபாய்க்கும் நடுவில் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்ததில்லை. வராமல் இருப்பதற்காக இருவரும் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. அவர் வார்டு விஷயத்தை அவள் பேசமாட்டாள். அவள் வார்டு விஷயத்தில் அவர் வாயைத் திறக்கமாட்டார். மரியாதை என்று அதற்குப் பெயர்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேசபாய் வீடு திரும்பியபோது ஓமனா வாசலில் காத்திருந்தாள். சபைப் பக்கத்தில், நேசபாயின் வார்டுக்காரி. அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கணவன் இல்லை. மகள் அஞ்சலி நர்சிங் படிக்கிறாள். ஓமனா சபைக்காரியும் இல்லை, தாங்கல்காரியும் இல்லை, மாசிக்கொடைக்கு மண்டைக்காட்டு அம்மனிடம் போகிறவள். அவள் வந்தது சானல்கரைப் பாதைக்காக. போன ஐப்பசி மழையில் கரை இடிந்து, பாதை பாதியாகக் குறுகி, ஒரு ஆள் ஒதுங்கவும் இடமில்லாமல் கிடந்தது. அண்டியாபீசுக்குப் போகிற பெண்கள் வெளிச்சம் வருவதற்கு முன்பே அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

"ஒரு பக்கச்சுவர் கெட்டித் தந்தா மதி அக்கா, அது போதும்," என்றாள் ஓமனா. "இப்பம் வெள்ளமில்ல, ஒருத்தர ஒருத்தர் பிடிச்சிட்டு எப்பிடியோ போயிருதோம். சானல் தொறந்து, மழையும் வந்தா, ஒரு நாள் ஆராவது விழும்."

அண்டியாபீஸ் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்த் துணைத் தலைவரிடமும் மனு கொடுக்கலாமா என்று கேட்டாள். நேசபாய்க்குப் பகீர் என்றது. சபைப் பக்கத்து வேலைக்குத் தாங்கல் பக்கத்தில் போய்க் கூட்டமாக நிற்பதா? அது சாதாரண மனுவை வழக்காக்கிவிடும்.

"நீ ஆரிட்டயும் பறயாண்டாம் மக்கா, ஒருத்தரிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள்.

பார்த்துக்கொள்ளவே நினைத்தாள். அதில் சந்தேகம் வேண்டாம். பாதை பேரூராட்சிக்குச் சொந்தம், யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. பொறியாளர் வந்து அளந்து, சின்ன வேலைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தடங்கல் வேறு இடத்தில் இருந்தது. தாங்கல் பக்கத்தில் சானல் கிடையாது. சானல் இல்லாத இடத்தில் சானல்கரைச் சுவருக்கு ஜோடி எங்கே தேடுவது? அதோடு, இடிந்த இடத்திலிருந்து இரண்டு வீடு தள்ளி நேசபாயின் வீடு. அவள் கணவன் இஸ்ரவேல், வளைகுடாவில் இருபது வருஷம் கிடந்து, ஊர்வாய் என்றால் என்ன என்பதைத் திரும்பி வந்த பிறகு கற்றுக்கொண்டவர். அவர் சாப்பாட்டுக்கு நடுவில் சாவகாசமாகச் சொன்னார், தலைவரம்மா தன் வீட்டுக்கு மதில் கட்டிக்கொண்டாள் என்றுதான் ஊர் பேசும் என்று. நேசபாய்க்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

சித்திரைக் கூட்டத்துக்கான பேச்சில் சுவர் வரவில்லை. வைகாசிக்கு வைத்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குள் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்துத் தெருக்களில் நடந்தாள். பெண் பார்க்கப் போனவளைப் போல ஒவ்வொரு மதிலாகப் பார்த்தாள். எல்லாம் நல்ல திடமான மதில்கள். இடிந்து கிடந்தது நிழல்தாங்கலின் சுற்றுச்சுவர் ஒன்றுதான். செயல் அலுவலரிடம் கேட்டதற்கு, வழிபாட்டு இடத்துக்கு நம் நிதியில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

நேசபாய் அப்போது செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்றுதான். அறைக்கு வெளியே வந்து, எதிர் அறையில் பொடி போட்டுக்கொண்டிருந்த சுடலையாண்டியிடம், அண்ணாச்சி, எனக்கு ஒரு சுவர் வேண்டும், பதிலுக்குத் தர இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. வைகாசிக் கூட்டத்துக்கான பேச்சில், "சானல்கரையில கொஞ்சம் மோசமாத்தான் கெடக்கு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். தலையாட்டியதில் சம்மதம் இருந்ததா, சங்கடம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. சங்கடம் என்றே வைத்துக்கொண்டாள். அந்த மாதம் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குடிநீர்த் தொட்டி போனது. மேஜை நன்றாகத் தட்டப்பட்டது.

வழியில் ஓமனாவைக் கண்டால் நேசபாயே முந்திக்கொள்வாள். அடுத்த கூட்டத்தில் நிச்சயம் என்பாள். ஓமனா சிரித்துவிட்டு, சரி அக்கா என்று போவாள். ஒருநாளாவது அவள் கோபப்பட்டிருந்தால் நேசபாய் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம்மைத் தொந்தரவு செய்யாதவர்களைக் காக்க வைப்பது எவ்வளவு லேசாக இருக்கிறது!

வைகாசிப் பாதியில் இறங்கும் இடவப்பாதி மழை அந்த வருஷம் நேரத்துக்கு வந்தது. சானலும் திறந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கான பேச்சு இனிமேல்தான் என்று இருக்கும்போது, ஒரு விடியற்காலையில் ஓமனா அண்டியாபீசுக்குப் போகிற வழியில் சறுக்கி, கரையோடு சரிந்து, கருங்கல்லில் முதுகு அடிபட்டுச் சானலில் விழுந்தாள். பின்னால் வந்த பெண்கள் சேலையை வீசிப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பியது. அவர்களுடைய கூச்சல் இரண்டு வீடு தள்ளி, அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த நேசபாயின் காதில் விழுந்தது. என்ன நடந்திருக்கும் என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 

நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். முதுகில் பட்ட அடிக்குக் கால் பிழைத்ததே பெரிது, கம்பு ஊன்றி நடக்கலாம், ஆனால் தரையில் குந்தி உட்காருகிற வேலை இனி முடியாது. அண்டியாபீசில் வேறு எப்படி உட்கார்ந்து கொட்டை உடைப்பது? அஞ்சலி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நேசபாய் அவள் தோளைத் தொடப் போனாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சுடலையாண்டி வந்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார், அது நல்ல நாளிலும் நடக்காத காரியம். ஓமனாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நேசபாய் இருந்த பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். எப்போதும் தலைவரே என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி," என்றார். "அந்தச் செவரு ஏன் கூட்டத்துக்கு வரல்ல? எஞ்சினியர் வந்து அளந்துட்டுப் போனதுலேருந்து ரெண்டு மாசமா நானும் பாத்துட்டு இருக்கேன். ஒங்களுக்க வார்டு. நான் எடுத்துப் பேசினா, தலைவருக்க காரியத்துல மூக்க நுழைக்கான்னு பறைவாவளேன்னு சும்ம இருந்தேன்."

 எதிரே கொடுக்க ஜோடி இல்லையே அண்ணாச்சி என்று நேசபாய் மெல்லச் சொன்னாள்.

சுடலையாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளத்துல விழுறதுக்கு ஜோடி கேப்பனா நான்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பொடி டப்பாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு இத்தனை நாளும் எதிர் அறையில் இருந்திருக்கிறதே என்று அவருக்கு வலித்தது. அந்த வலியை நேசபாய் பார்த்தாள். யார் மனதும் நோகக் கூடாது என்று வாழ்ந்தவள், ஒரே சுவரால் இரண்டு பேரை நோகடித்திருந்தாள்.

அந்த மாதக் கூட்டத்தில் பக்கச்சுவர் முதல் பொருளாக வந்தது. தனியாக வந்தது. சுடலையாண்டி முன்மொழிந்தார். தாங்கல் பக்கத்து உறுப்பினர் ஒருவரே வழிமொழிந்தார். எதிர்ப்பக்கம் என்ன என்று செயல் அலுவலர்கூடக் கேட்கவில்லை. டீ கொண்டுவந்த ஆள் எல்லோருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நேசபாயின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. மூன்று மாதமாக அவள் பயந்து ஒளிந்த பூதம் அந்த அறையில் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கவில்லை. யாராவது ஒருவர் எழுந்து சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அப்படியாவது கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அன்றைக்கே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஓமனா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். சுவர் பாஸாகிவிட்டது, அடுத்த மாதம் வேலை தொடங்கும் என்று நேசபாய் சொன்னாள். அண்டியாபீஸ்காரிகளுக்கு நல்லது அக்கா என்று ஓமனா உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு ஏதோ யோசித்துக்கொண்டு கேட்டாள்.

"இத்தர நாளும் ஆரு அக்கா வேண்டாம்னு பறஞ்சது?"

சொல்வதற்கு நேசபாயிடம் பல பதில்கள் இருந்தன. நிதி என்று சொல்லலாம், மேலிடத்து அனுமதி என்று சொல்லலாம். ஓமனா நம்பிவிடுவாள், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆரும் பறயல்ல, ஓமனா. நான் ஆரிட்டயும் கேக்கல்ல."

 பக்கத்துக் கட்டிலில் யாரோ கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேட்டிருப்பேனே அக்கா," என்றாள். "நித்தமும் அந்திக்குச் சொடலையாண்டி அண்ணாச்சிக்க கடையில நின்னுதான் அரிசியும் புளியும் வாங்குதேன். வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க ஆரிட்டயும் பறயாண்டாம்னு சொன்னியள். அதான் நான் பறயல்ல."