தரையில் படாத கால்

செங்கோடனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே ஒரு சாண் நீளம்தான். பத்தொன்பது வயதில், காளப்பநாயக்கன்பட்டிச் சந்தை முனையில், பின்னால் வந்த மர லாரி மீதியை எடுத்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்ததும் ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். வலது பெடலில் டயரை அறுத்து ஒரு வார் தைத்துப் பாதத்தை அதற்குள் மாட்டிக்கொண்டான். ஒரே காலால் மிதிக்கவும் முடிந்தது, இழுக்கவும் முடிந்தது. மிச்சக்காலைத் தாங்கக் கம்பியில் ஒரு தகரத்தை வளைத்துக் கட்டினான். பிறகு சைக்கிள் கடையும் போட்டு, யாரிடமும் கைநீட்டாமல் இருந்தான்.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம், கால் இழந்த ஜவான்களைப் பற்றி டீக்கடை ரேடியோவில் கேட்டான். கால் போனவனுக்கு முதல் ஆறு மாதம் யாராவது சோறு போட்டால் அப்புறம் அவனே பார்த்துக்கொள்வான் என்பது அவன் அனுபவம். அந்த ஆறு மாதத்துக்கு ஏதாவது திரட்ட வேண்டும் என்று அர்த்தனாரியிடம் போய்ச் சொன்னான். அர்த்தனாரி சாலைக் காண்டிராக்டர். மூன்றே நாளில் ஜவான் உதவிக் கமிட்டி, மைக் செட், நோட்டீஸ் எல்லாம் தயார்.

மூன்று நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் மைதானத்தைச் சுற்றி வருவது அப்போது ஊருக்கு ஊர் நடந்த வேடிக்கை. சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஒன்றுக்குப் போவதென்றால் ஓலைத் தட்டி மறைப்புக்குள் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கால் தரையில் பட்டால் எல்லாம் ரத்து, கொடுத்தவர்கள் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தனாரியே மைக்கில் அறிவித்திருந்தார். இடம் மலைமேல் சோளக்காட்டுச் சந்தைத் திடல்.

அங்கே மருந்துச்சாலையில் நர்ஸ் மயிலம்மாள். சேலத்தில் புண் வார்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு மலைக்கு வந்தவள். புண்ணைப் பார்த்து அவள் முகம் சுளித்ததில்லை. முதல் நாள் காலை தகரம் உரசும் இடத்தில் பஞ்சு வைத்து, மிச்சக்காலுக்கு அவள்தான் கட்டுப் போட்டு அனுப்பினாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் எட்டிப் பார்த்தபோது கட்டைக் காணோம். மிச்சக்கால் தோல் உரிந்து, வீங்கி, ஈ மொய்க்கச் சுற்றிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் யாரோ திருநீறு தூவியிருந்தார்கள். அது சீழில் குழைந்து கிடந்தது. மைக், எல்லையில் குண்டடி பட்டுக் காலை இழந்த மாவீரர் என்று கத்திக்கொண்டிருந்தது.

"கட்டு எங்கே?" என்றாள் மயிலம்மாள்.

"நாந்தானுங்க அவுக்கச் சொன்னேன், நர்சம்மா," என்றார் அர்த்தனாரி, நுங்கு குடித்தபடி. "வெள்ளைத் துணி சுத்தியிருந்தா ஏதோ சுளுக்குன்னு நெனச்சுக்குவாங்க. கண்ணுல பட்டாத்தானே கையில இருக்கறது கீழ எறங்கும்."

இப்போது முகம் சுளித்தாள். புண்ணைப் பார்த்து அல்ல.

மலைக்காரர்கள் மைக் சொன்னதை அப்படியே நம்பினார்கள். ஜவான் எதிரிலேயே சுற்றும்போது வேறு ஜவானைத் தேடுவானேன்? மிளகும் சாமையும் வாழைத்தாரும் அவனுக்கென்றே கொண்டுவந்து குவித்தார்கள். மிளகுத் தோட்டக்காரன் முத்தன் கூடவே ஓடிக் கேட்டான்.

"ஏனுங்க சாமி, எந்தச் சண்டையிலீங்க காலு போச்சு?"

"மர லாரியோட நடந்த சண்டையிலீங்க. லாரிதான் செயிச்சுது."

மைக் இரைச்சலில் முத்தனுக்கு அது விழவில்லை. பயபக்தியோடு தலையாட்டினான்.

மயிலம்மாள் சைக்கிளோடு நடந்து செங்கோடனின் தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவு நெறி கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது.

"எறங்கு. இன்னும் ஒரு நாள் போனா முட்டியோட எடுக்கோணும். முட்டி போனா சைக்கிளும் இல்லே, கடையும் இல்லே."

"எறங்கமாட்டேனுங்க அக்கா. காலு தரையில பட்டா மூட்டையெல்லாம் திரும்பிப் போயிரும். ஜவானுக்கு என்னத்த அனுப்பறது?"

அவள் அர்த்தனாரியிடம் லாரி கேட்டாள்.

"மூட்டை ஏத்திட்டு இருக்குதுங்களே. நாளைக்குப் பாப்போம். மருந்து இருந்தா மேல தெளிச்சு உடுங்க."

அதற்கு மேல் அந்த ஆளோடு பேசுவது வாய்க்குக் கேடு. முத்தனைக் கூப்பிட்டாள். மலையில் நோயாளியைக் கீழே கொண்டுபோவது தூளியில்தான். மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்குவார்கள்.

"ஜவானைக் காப்பாத்தோணும். காலு மட்டும் தரையில படக்கூடாது," என்றாள். அதற்குமேல் விளக்க நேரமில்லை.

தூளி சைக்கிளுக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்று வந்தது. மயிலம்மாள் குனிந்து ஓடிப் பெடல் வாரை அவிழ்த்தாள். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, செங்கோடன் சீட்டிலிருந்து நேராகக் கம்பளிக்குள் விழுந்தான். சைக்கிள் ஆளில்லாமல் கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்தது.

"கால் பட்டுதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லீங்க," என்றார்கள் எல்லோரும்.

மருந்துச்சாலையில் கழுவி, கட்டி, ஒரு ஊசி போட்டு, அவர்களோடே புறப்பட்டாள். ஒற்றையடிப் பாதையில் முதல் வளைவு தாண்டும்போது மைக் கேட்டது. முப்பத்தோராவது மணி நேரம், மாவீரர் செங்கோடன் இன்னும் இறங்கவில்லை.

"அது யாருங்கக்கா?" என்றான் தூளிக்குள்ளிருந்து.

முத்தன் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அர்த்தனாரியின் லாரிக் கிளீனர் ஒரு காலை மடக்கி வேட்டிக்குள் கட்டிக்கொண்டு சுற்றினானாம். அவனுக்கு அடர்ந்த மீசை, செங்கோடனுக்கு மீசையே கிடையாது. புதிதாக வந்து வேடிக்கை பார்த்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதான்," என்றாள் மயிலம்மாள்.

பாதை சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் லாரி ஹாரன் அடித்தது. மூட்டை, வாழைத்தார், மேலே தேசியக் கொடி. கை காட்டினாள். லாரி நிற்கவில்லை.

"ஜவானுக்குப் போற சாமான், ஒதுங்குங்க," என்று டிரைவர் கத்திவிட்டுப் போனான். தூளியைச் சரிவில் ஒதுக்கினார்கள். மிளகு வாசனையும் புழுதியும் மிஞ்சின.

"போய்ச் சேருமுங்களா?"

"சேராது."

ஆறுதலுக்குப் பொய் சொல்வது அவளுக்கு வராது. அவன் மூங்கிலைப் பிடித்துத் தலையைத் தூக்கி லாரி போன திசையைப் பார்த்தான். "மொதல்லயே நானே எதாச்சும் பண்ணி அனுப்பியிருக்கோணும்," என்றான்.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். முட்டி தப்பியது. கடைக்குத் திரும்பியதும் பழைய டயரை அறுத்துப் பெடல் வார்கள் தைத்தான். இரண்டு டஜன். எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று எழுதி, மயிலம்மாள் கட்டிக்கொடுத்த பார்சலில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அந்த வாரம்தான் அர்த்தனாரிக்கு மேடையில் மாலை போட்டார்கள். மயிலம்மாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. இந்தி எழுத்து. காளப்பநாயக்கன்பட்டியில் அதைப் படிக்க ஆளில்லை. மருந்து வாங்கக் கீழே வந்தவளிடம் செங்கோடன் அதை நீட்டினான்.

"என்னன்னு எழுதியிருக்குமுங்கக்கா?"

அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் வேணும்னு இருக்கும். வேற என்ன எழுதப்போறாங்க? அறு," என்று ஒரு டயரை எடுத்து அவன் மடியில் போட்டாள்.