புகைப்புரையில் தொங்கிய கேமரா

கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கம் என் தையல்கடைக்கும் ஜான்ரோஸின் ஸ்டூடியோவுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். சுற்றுவட்டத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எதுவானாலும் அவன்தான் படம். தங்கமான மனுஷன். புத்தி மட்டும் சில நேரம் மேயப் போய்விடும்.

அவன் மகள் ஆன்ஸ்லின் குவைத்தில் நர்ஸ். வேலைக்குப் போன புதிதில், ஊருக்கு வந்த தோழியிடம் அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் கழுத்தில் அது தாலி மாதிரிக் கிடந்தது. ஊரையே அதில் பிடித்தான். வாங்கித் தந்தவளைப் பிடிக்கத்தான் வாய்க்கவில்லை. முதலில் கொரோனா, பிறகு ஆஸ்பத்திரியில் ஆளில்லை என்று அவள் வருகை தள்ளிக்கொண்டே போனது. தினமும் போனில் முகம் காட்டுவாள். அதெல்லாம் ஒரு முகமா, பாதி நேரம் நெற்றியும் ஃபேனும்தான் தெரிகிறது என்பான். அவளை எதிரே நிறுத்தி அந்தக் கேமராவில் ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள். இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நவம்பரில் ஒரு புதுமண ஜோடியைப் படமெடுக்க வட்டக்கோட்டைக்குக் கிளம்பினான். வானம் கறுத்திருக்கிறது, வேண்டாம் என்று நானும் சொன்னேன். கேட்டால்தானே! மதில்மேல் நிற்கும்போது காற்றும் மழையும் சாய்த்து அடித்ததில் கேமரா தெப்பமாக நனைந்துவிட்டது. அப்போதே பழுது பார்ப்பவரிடம் கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. எங்கள் பக்கம் அடைமழையில் காயாத பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் ரப்பர் ஷீட்டை நெருப்புமூட்டிப் புகையில் உலர்த்தும் புகைப்புரைக்குத்தான் போகும். இந்தப் புத்திசாலி கேமராவையும் கொண்டுபோய் ஷீட்டுகளுக்கு நடுவே கம்பில் தொங்கவிட்டான். மறுநாள் பார்த்தால் பிடி இளகிப்போய், லென்ஸ் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. நாகர்கோவில் கேமராக் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாராம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

புதிதாக ஒன்று வாங்கேன் என்றேன். தலையாட்டினான், வாங்கவில்லை. பீரோவுக்குள் கிடந்த பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆன்ஸ்லின் தவழ்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் அதில் எடுத்ததுதான்.

"அவள அறிஞ்ச கேமரா இது ஒண்ணுதாம் கிருஷ்ணமணி," என்றான்.

லென்ஸில் பிடித்திருந்த பூஞ்சையைப் போக்கினான். ஃபிலிம் வரவழைத்து எடுத்துப் பார்த்து, சென்னைக்குக் கழுவ அனுப்பினான். திரும்பி வந்த எல்லாப் படத்திலும் சிவப்பாக ஒரு கோடு. கேமராவின் பின்கதவு ஓரத்துப் பஞ்சு பொடிந்து, வெளிச்சம் உள்ளே கசிந்திருக்கிறது. ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய கறுப்பு வெல்வெட் என்னிடம் இருந்தது. மெல்லிசாக நறுக்கி நானே ஒட்டிக் கொடுத்தேன்.

ஆன்ஸ்லின் வந்தாள். புகைப்புரைக் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் அவளை நிறுத்தினான். கண்ணைக் கேமராவில் வைத்தவன் அமுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

"எடுங்கப்பா," என்றாள் அவள். அப்புறம்தான் எடுத்தான்.

படத்தைப் பார்க்க ஓடிவந்து கேமராவைத் திருப்பினாள். பின்னால் வெறும் கறுப்புக் கதவு. கழுவி வர வேண்டும் என்று சொன்னான். அது கழுவி வருவதற்குள் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

படம் அருமையாக வந்திருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை. 'எடுங்கப்பா' என்று சொன்ன வாய் இன்னும் மூடாமல் அப்படியே சிரிக்கிறாள்.

அன்றைக்கு அவள் போனில் கூப்பிட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. படத்தைப் போனில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினாள். இவன் என்னென்னவோ சொல்லி மழுப்பினான். ஊர்க் கல்யாணப் படமெல்லாம் நொடியில் அனுப்புகிறவன்! நான் மெஷினை மிதிப்பதை நிறுத்தினேன்.

"அது போன்ல வராது மக்ளே," என்றான். "காணணும்னா நீ வா."