சாம்பியன் ரீப்ஸில் ஒரு பட்டன்

வயசானவர்களுக்குக் கருவி செய்கிற பிழைப்பில் திட்டு வாங்காமல் வீடு திரும்பிய நாள் எனக்கு ஞாபகமில்லை. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கும் இருக்காது.

கழுத்தில் மாட்டியது

ஆரோக்கியம் ஐயா தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். இப்போது கண் தெரியாது. மகள் ஸ்டெல்லா அக்கா விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டால், பழைய சுரங்கத்துக்கு மேலேயே இருக்கிற சாம்பியன் ரீப்ஸ் வீட்டில் பகல் முழுக்க அவர் தனி. அவருக்கு ஏதாவது ஆனால் தெரியாது என்பதால் வேலையை விட்டுவிடலாமா என்று அக்கா தவித்துக்கொண்டிருந்தார்.

அவசரப் பட்டன் ஒன்றை ஐயா கழுத்தில் மாட்டினேன். ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும், அக்காவின் போனும் என் போனும் அலறும். ஐயா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒண்ணு மட்டுமா? கை அப்டி நிக்காது தம்பி.”

என் புத்திசாலித்தனம்

பாவம், விரல் நடுங்குகிறது போல என்று நானாக முடிவு கட்டினேன். ராபர்ட்சன்பேட்டை ஆபீசில் உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன்: அடுத்தடுத்து அழுத்தினால் அது கைநடுக்கம், யாரையும் கூப்பிடாதே. பொய் அழைப்பு வந்து பிள்ளைகள் பதற வேண்டாம் பாருங்கள். எனக்கு ஒரே பெருமை.

கூட வேலை செய்யும் முரளி டீயை வைத்துவிட்டுக் கேட்டான்: “அந்தப் பெரியவரை இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

கைநடுக்கம்

கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு காலை ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சாயங்காலம் அக்கா வந்து பார்க்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். எங்கள் போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. கருவியின் பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்று அழுத்தல், இடைவெளி, மறுபடி மூன்று. பகல் முழுக்க அப்படியே. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கைநடுக்கம்’ என்று என் கருவி குறித்து வைத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா வேலையை விட்டுவிட்டாராம். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயாதான் பொறுமையாக விளக்கினார். கேஜில் ஒரு மணி என்றால் நிறுத்து. ஆள் ஏறியிருக்கிறோம், மேலே தூக்கு என்றால் மூன்று. உயிருக்குத் தவிக்கிறவன் ஒன்று அடிக்கவே மாட்டான்.

மன்னிப்புக் கேட்டேன். அத்தனை நேரம் தனியாக எப்படி ஐயா தாங்கினீர்கள் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தனியா இன்னா தம்பி? நீங்கதான் பதில் குடுக்கல. நான் மூணு அடிக்கச் சொல்லோ, தரைக்குக் கீழ இருந்தும் மூணு அடிச்சாங்க. ஒவ்வொரு தபாவும்.”

எப்போதோ மூடப்பட்டு, தண்ணீர் நிரம்பிக் கிடக்கிற சுரங்கத்துக்குக் கேட்டது என் கருவிக்குக் கேட்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட லட்சணம்.