மூன்று பேருக்கு இரண்டு டிக்கெட்

இது நடந்தது. இட்டுக்கட்டத் தெரிந்தவனாக இருந்தால் என்னை இதில் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

1937, காணும் பொங்கல். எனக்குப் பத்தொன்பது வயது. பரந்தாமன், தங்கவேல், நான், மூவரும் வேப்பம்பட்டுக்காரர்கள். பட்டணம் பார்க்கக் கிளம்பினோம். உயிர் காலேஜ் என்று எல்லோரும் சொல்லும் மிருகக்காட்சிசாலை, செத்த காலேஜ் என்று சொல்லும் மியூசியம், பிறகு கடற்கரை. கையில் காசு குறைவு. எங்கள் ஊர்ப் பையன்கள் வழக்கமாகச் செய்வதையே நாங்களும் செய்தோம். மூன்று பேருக்கு இரண்டு டிக்கெட். ஒருவன் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்வான். மற்ற இருவரும் காலைத் தொங்கவிட்டு மறைப்பார்கள். சென்ட்ரலுக்கு முன்னால் வண்டி சிக்னலில் நிற்கும்போது அவன் மறுபக்கம் இறங்கிவிடுவான். படுப்பது முறைவைத்து மாறும்.

அன்று என் முறை. நான் பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி கட்டியிருந்தேன். "நான் படுத்துக்கறேன் வீரா. உன் வேட்டி பாழாப்பூடும்" என்றான் தங்கவேல். நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

புறப்படும்போது அவன் அம்மா வடிவு என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னாள். மூவரில் நான் மூத்தவன். இருட்டுவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். சரி என்றேன்.

திருநின்றவூர் வரை நடந்துபோய் ரயில் ஏறினோம். பரந்தாமன் தன் அண்ணனின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தான். யாரும் கேட்காமலே மணி சொல்லிக்கொண்டு வந்தான். அன்றைய நேரமெல்லாம் எனக்குத் தெரிவது அதனால்தான்.

அம்பத்தூரில் டிக்கெட் பரிசோதகர் எங்கள் பெட்டியில் ஏறினார். எங்கள் காலை விலக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். தங்கவேலைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். கூட வந்தது யார் என்று கேட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். பரிசோதகர் அதைக் கவனித்துவிட்டார்.

"உன் கூட வந்தவனா?"

"தெரியாது சார்" என்றேன்.

8-52. வில்லிவாக்கம். அவனைப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டு அவர் அடுத்த பெட்டிக்குப் போனார். வண்டி நகர்ந்தது. அவன் என் ஜன்னலுக்கு நேராக ஓடி வந்தான். நான் தலையைக் குனிந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே வயல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உயிர் காலேஜ் சென்ட்ரலை ஒட்டி இருந்தது. வாசலில் வரிசை. யாரோ பின்னால் நிற்பதுபோல் இருந்தது. திரும்பினேன். தங்கவேல்.

"ஒம்பது இருவத்தஞ்சு" என்றான் பரந்தாமன். "இன்னாடா, பறந்துகினு வந்தியா?"

"வந்துட்டேன்" என்றான் தங்கவேல்.

பெஞ்சுக்கு அடியில் கிடந்து எழுந்தவன். சட்டையில் ஒரு தூசி இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்தது. கேட்காமலே போய்விட்டது.

வாசலில் இருந்தவர் எங்களைப் பார்த்து இரண்டு சீட்டு கிழித்தார். இரண்டு பேருக்குத்தான் காசு வாங்கினார். பரந்தாமன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். உள்ளே குரங்குக் கூண்டில் எல்லோரும் கடலை போட்டார்கள். நாங்கள் போய் நின்றதும் குரங்குகள் எல்லாம் பின் கம்பிக்குப் போய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. பரந்தாமன் தன் முகராசி என்று சொல்லிச் சிரித்தான்.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவர் இரண்டு இலை போட்டார். மூன்றாவது இலை கேட்கலாமா என்று தங்கவேலைப் பார்த்தேன். பசியில்லை என்றான். நான் வற்புறுத்தவில்லை. காசு மிச்சம்தானே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

செத்த காலேஜில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு உண்டு. கூட்டம் அதன் கீழே அண்ணாந்துகொண்டே நகர்ந்தது. தங்கவேல் மட்டும் நகரவில்லை.

"இது இன்னாதுன்னு யாருடா அடையாளம் சொன்னது?" என்றான்.

"வெள்ளைக்காரன் சொல்லியிருப்பான்" என்றான் பரந்தாமன்.

"யாராச்சும் ஒருத்தர் சொல்லணும் இல்ல?"

அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

திருவல்லிக்கேணிக்கு டிராம். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கொடுத்தார். "மாமே, இன்னிக்கு நம்ம நாள்டா. பட்டணத்துல எவனுக்கும் எண்ணத் தெரியல" என்று பரந்தாமன் என் காதில் சொன்னான். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கடற்கரை. மணி 4-50. மணலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு குடும்பம் கட்டுச்சோற்றோடு வந்தது. அந்த அம்மாள் பாயை உதறினாள். தங்கவேல் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விரித்தாள். அவன்மேல்.

அவன் நகர்ந்துகொண்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

பரந்தாமன் அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் மணி சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டான்.

சென்ட்ரலுக்குத் திரும்பினோம். ஸ்டேஷனுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி. தங்கவேல் அதன் வாசலில் நின்றான்.

"உள்ள வரியா, வீரா?"

"எதுக்குடா?"

"சும்மா. ஒரு தபா வந்துட்டுப் போ."

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆகவில்லை. இருபது நிமிஷம் இருந்தது. அவன் எங்களோடு வந்தான்.

6-15க்கு வண்டி கிளம்பியது. இந்தத் தடவை யாரும் பெஞ்சுக்கு அடியில் படுக்கவில்லை. படு என்று அவனிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. அவன் எதிர் பெஞ்சில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். பெட்டியில் ஒரு மங்கல் விளக்கு.

பேசின் பிரிட்ஜ்... பெரம்பூர்...

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.

வில்லிவாக்கம்.

கதவு திறந்தது. காலையில் வந்த அதே பரிசோதகர். கையில் லாந்தர்.

எங்கள் இரண்டு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். லாந்தரை எதிர் பெஞ்சுப் பக்கம் உயர்த்தினார்.

"இந்த மூணாவது ஆளு? உங்க கூட வந்தவனா?"

அன்று முழுக்க அவனை எண்ணியவர் அவர் ஒருவர்தான்.

பரந்தாமன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கடிகாரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது.

6-44.

தங்கவேல் காத்திருந்தான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

"தெரியாது சார்."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

விளக்கு அணைந்து எரிந்தது.

எதிர் பெஞ்சில்... யாரும் இல்லை.

"இப்ப இங்க ஒருத்தன் உக்காந்திருந்தானே?" என்றார் பரிசோதகர். குனிந்து பெஞ்சுக்கு அடியில் லாந்தரை நீட்டினார். வெகுநேரம் நிமிரவில்லை. நாங்கள் குனியவில்லை.

வடிவிடம் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம் என்று சொன்னேன். அவள் விளக்கை வாசலில் வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளோடு நாங்களும் போனோம். வில்லிவாக்கம் ஸ்டேஷனில் விசாரித்தோம். ஓடுகிற வண்டியில் ஏறப்பார்த்து ஒரு பையன் விழுந்தான் என்றார்கள். முந்தின நாள் காலை ஒன்பது மணி வாக்கில். உயிர் இருந்ததால் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்களாம். சென்ட்ரலுக்கு எதிரே, பெரிய ஆஸ்பத்திரிக்கு.

வடிவு உள்ளே போய்ப் பார்த்தாள். அவள் அழுத சத்தம் வராந்தாவுக்குக் கேட்டது. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இறந்த நேரம் மட்டும் எழுதியிருந்தது. மாலை 6-44.

அவனைப் பார்த்துக்கொண்ட வார்டு ஆள் எங்களிடம் வந்தார். அந்தப் பையனுக்கு நாங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார். சிநேகிதர்கள் என்றான் பரந்தாமன்.

"கண்ணே தொறக்கல தம்பி. வாய் மட்டும் நாள் பூரா பேசிகினு இருந்தது. கொரங்குன்னான். இம்மாம் பெரிய எலும்புன்னான். கடலுன்னான். சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்சாப்பல இருந்தது. ராவு தாண்டினா பொழைச்சிக்குவான்னு டாக்டரு சொல்லிட்டுப் போனாரு. வெளக்கேத்திட்டு வந்து பார்க்கறேன், கண்ணுல தண்ணி வழியுது. 'என்னைத் தெரியாதாம்'னான். அத்தோட அடங்கிட்டான்."