நாய்கள் தின்ற காகச்சோறு

குணம் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் தொலைபேசி அடித்தது முதலில் காதில் விழவில்லை. அழைத்தது அவருடைய மகள் வாணி. "அங்கிள், அப்பா விடிய மோசம் போயிட்டார்" என்றாள். மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். நான், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். துக்கச் செய்தி சொன்னவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் குணம் அண்ணையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பசிதான். மெல்பேர்னில் அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் இங்கே ஒரே அலுவலகத்தில் பாலங்களுக்குப் படம் வரைந்தோம். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச எனக்கு அவரையும் அவருக்கு என்னையும் விட்டால் வேறு நாதியில்லை. எல்லாவற்றுக்கும் சண்டை போடுவோம், சோற்றைத் தவிர. அவர் சமைப்பார், நான் சாப்பிடுவேன்.

அவருடைய மனைவி பவளம் அக்காவும் கைக்குழந்தை வாணியும் ஊரிலிருந்து வந்து சேர வேண்டிய நேரம். தங்க வைக்க வீடில்லை. தொலைபேசியில் விசாரிக்கும்போது காலியாக இருக்கும் வீடு, நாங்கள் நேரில் போய் நின்றதும் நிரம்பிவிடும். "எங்கட முகத்தைக் கண்டால் வீட்டுக்கு ஆள் வந்திடுது தம்பி" என்று சிரிப்பார். இரவில் அவர் தூங்காததும் எனக்குத் தெரியும். கடைசியில் மிஸஸ் டாசன் என்ற வயதான விதவை தன் வீட்டின் பின்பகுதியைத் தரச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: அவருடைய இரண்டு நாய்களுக்கும் குடிவருபவரைப் பிடிக்க வேண்டும். வசந்தத்தின் முதல் வெயிலுக்கு நாய்களோடு காட்டில் நடப்பது அவர் வழக்கம். அந்தச் சனிக்கிழமை எங்களையும் வரச் சொன்னார்.

குணம் அண்ணைக்கு நாய் என்றால் குலைநடுக்கம். சிறுவயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். போதாக்குறைக்கு அன்று புரட்டாசிச் சனி. அவர் விரதம். சனீஸ்வரனின் வாகனமான காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகுதான் அவர் வாயில் ஒரு பருக்கை போகும். அவர் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது?

இன்று நாம் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போகிறோமே, த பேசின் என்கிற ஊர், அதற்கு மேலே ஏறுகிற காடு. வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. காலடியில் கணுக்கால் அளவு சேறு. டியூக் என்கிற கன்றுக்குட்டி அளவு நாயின் வாரை மிஸஸ் டாசன் அண்ணை கையில் கொடுத்துவிட்டார். பிப் என்கிற குட்டை நாய் வாரில்லாமல் ஓடியது.

"இருங்கோ, அவசரப்படாதேங்கோ. நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால வாறன்" என்று டியூக்கிடம் அண்ணை பணிவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நாய்க்கு என்னண்ணே இவ்வளவு மரியாதை?"

"வீட்டுக்காரியின்ர நாய் தம்பி. திறப்பு கைக்கு வருமட்டும் அவையள் பெரிய ஆக்கள்." சாவியைத்தான் அவர் திறப்பு என்பார்.

அப்போது பாதையைத் தாண்டி வாலபி ஒன்று, சின்னக் கங்காரு என்று வைத்துக்கொள்ளுங்கள், குதித்து ஓடியது. டியூக் ஒரே பாய்ச்சல். அண்ணை வாரை விட்டுவிட்டார். பிப்பும் பின்னாலேயே ஓடி மறைந்தது. மிஸஸ் டாசன் விசிலடித்தார், குரல் கம்மும்வரை கூப்பிட்டார். நாங்களும் சேற்றில் உருண்டு புரண்டு தேடினோம். நாய்களைக் காணோம். கணவர் போன பிறகு தனக்கு இவை இரண்டும்தான் என்று சொல்லி, விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து அந்த அம்மா அழத் தொடங்கினார். அண்ணை கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"வீடு போச்சு தம்பி. பவளத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்கும் சங்கடம்தான். ஆனால் உச்சிவேளை தாண்டிவிட்டது. வயிறு யார் துக்கத்தையும் பார்ப்பதில்லை. "அண்ணே, சாப்பிடலாமா?"

"காகம் தின்னட்டும்."

கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக மேக்பை என்கிற பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. "அதுவும் பாதிக் காகம்தானேண்ணே?"

"பாதிக் காகத்துக்குப் பாதி விரதம்தான் கிடைக்கும்."

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்து, பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை ஒரு மரக்கட்டையில் வைத்தார். பிறகு யாழ்ப்பாணத்துக்கே கேட்கிற மாதிரி, "கா... கா..." என்று கூப்பிட்டார். மிஸஸ் டாசன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். துக்கத்தில் இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். அண்ணை மறுபடியும் கூப்பிட்டார். புதர் சரசரத்தது. சேறு வழிய டியூக் வந்தது; பின்னால் பிப். காகச்சோற்றை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, கட்டையையும் நக்கிவிட்டு, இரண்டும் அண்ணை முன்னால் வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்தன.

மிஸஸ் டாசன் ஓடிவந்து கட்டிக்கொண்டது நாய்களை அல்ல, குணம் அண்ணையை. தன் நாய்களை இப்படிக் கூப்பிடத் தெரிந்தவரைத் தான் கண்டதே இல்லை என்றார். வீடு உறுதியானது. டியூக் கையை நக்க, அண்ணை விறைத்துப்போய் நின்றார்.

"இப்பவாவது சாப்பிடலாமாண்ணே?" என்றேன். காகம் இன்னும் தின்னவில்லையே! கொஞ்சம் யோசித்தார்.

"நாய் வைரவரின்ர வாகனம். சனீஸ்வரனோட வைரவர் கதைச்சுக்கொள்ளுவார். சாப்பிடு."

அன்று முதல் மிஸஸ் டாசன் தன் நாய்களைக் "கா... கா..." என்றுதான் கூப்பிட்டார். வந்திறங்கிய மறுநாள் காலை பவளம் அக்கா அதைக் கேட்டுவிட்டுத் திகைத்துப்போய், "ஏனப்பா, இஞ்ச வெள்ளைக்காரரும் விரதமோ?" என்று கேட்டாராம்.

போன வாரம் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அப்பாவுக்குப் படைத்த சோற்றில் ஒரு பிடியை வாணி வீட்டுப் பின்புறத்தில் வைத்து, கூச்சத்தோடு மெல்லக் கூப்பிட்டாள். காகம் வரவில்லை. பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள் நுழைந்து வந்து தின்றது. யாரோ துரத்தப் போனார்கள். "விடுங்கோ, அவருக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான்" என்றார் பவளம் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

நான் விரதம் பிடிக்கிறவன் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கூப்பாடு ஒன்றுதான். நேற்று என் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பிடி சோறு வைத்து, வெட்கத்தை விட்டு உரக்கவே கூப்பிட்டேன். உள்ளே வந்து தட்டின் முன் உட்கார்ந்ததும், பழக்கதோஷம், "அண்ணே, சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டேன். நல்ல பசி. இருந்தும் கொஞ்ச நேரம் சாப்பிடாமல் காத்திருந்தேன்.