எச்சில் படாத ஆட்டம்

மயிலாப்பூர் கிளப்பில் எனக்கு பிரிட்ஜ் ஜோடியாக வாய்த்த ஓய்வுபெற்ற வக்கீலை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. பொடியேறிய மூக்கு, பழுப்பேறிய கைக்குட்டை. ஒவ்வொரு சீட்டையும் கட்டைவிரலை நக்கித்தான் எடுப்பார்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம், கிளப் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயித்தவர்கள் பலகையில் தன் பெயர் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எது துருப்பு என்று முடிவாகும் ஏலத்தை ஹார்ட் என்று அவர் தொடங்கினார். என் கையில் ஹார்ட் ஆறு, ஸ்பேட் ஆறு. ஹார்ட்டைத் துருப்பாக்கினால் வெற்றி உறுதி. ஆனால் ஜோடியில் துருப்பை முதலில் சொன்னவர்தான் ஆடுவார். மற்றவர் மேஜையில் விரித்துவைக்கும் சீட்டுகளையும் அவரே எடுத்துப் போடுவார். அந்த விரல் என் சீட்டுகளில் படும். நான் ஹார்ட்டைப் பற்றி மூச்சு விடாமல் ஸ்பேடையே சொல்லி ஏலத்தை ஏற்றினேன். நானே ஆடினேன். தோற்றோம்.

"ஓய், ஆறு ஹார்ட்டை மடியில கட்டிண்டா உட்கார்ந்திருந்தீர்? நான்தான் வாய்விட்டுச் சொன்னேனே!"

"கவனிக்கலை சார்."

எதிரணிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணாடியை மாத்துங்க மாமா."

வக்கீல் அவர்மீது பாய்ந்தார். "சிரிக்காதேயும். ரெண்டுலயும் ஆறாறு வந்தா எவனுக்கும் தடுமாறும். தப்பு என்னுது. நான் இன்னொரு தரம் ஹார்ட் சொல்லியிருக்கணும்."

பலகையில் வேறு இருவர் பெயர் ஏறியது. அதன்பிறகும் யார் கேட்டாலும் தன் தவறு என்றே சொல்வார். அப்படியே நம்பினாரா, என்னைக் காப்பாற்றினாரா, தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து நான் தலையாட்டியிருக்கிறேன்.